மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிஜமாவே எதையாவது ஒழுங்குபடுத்துதா, இல்ல ரப்பர் ஸ்டாம்பா?

2025 ஆகஸ்ட் 19, காலை: கேள்வி

ஜூலை 1லேர்ந்து மறுபடியும் 3.16 சதவீதம் ஏத்திட்டாங்க. வீட்டுக்கு அரசே ஏத்துக்குதுன்னாங்க, சரி, ஆனா என் லேத் பட்டறைக்கு ஏறிடுச்சு. ஒவ்வொரு தடவையும் நியூஸ்ல "ஆணையம் ஒப்புதல்"னு ஒரு வரி வருது. மின் வாரியம் கேக்குற தொகைக்குக் கையெழுத்து போடுறதைத் தவிர இந்த ஆணையம் என்னதான் பண்ணுது? டெல்லில வேற ஒண்ணு இருக்காம். ஒண்ணுக்கே வேலை இல்ல, ரெண்டு எதுக்கு? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஆகஸ்ட் 19, ராத்திரி: பதில்

ரப்பர் ஸ்டாம்புன்னு சொல்லிட்டா பேச்சு சீக்கிரம் முடிஞ்சிடும், ஆனா விஷயம் அப்படி இல்லீங்க. நான் வக்கீல் இல்ல, வாரியத்துல வேலை பார்த்தவனும் இல்ல. ஒரு நூல் மில்லுல கணக்குப் பிரிவுல உக்காந்து மாசாமாசம் ஹெச்.டி. பில்லை (பெரிய ஆலைக்கு வர்ற உயர் அழுத்த கரண்ட் பில்) வரி வரியா பார்த்தவன், அங்கேர்ந்து ஆணைய உத்தரவுகளைப் படிக்கிற கெட்ட பழக்கம் ஒட்டிக்கிச்சு. தெரிஞ்சதை அப்பப்ப எழுதுறேன், ஒரே மூச்சுல வராது.

முதல்ல டெல்லி சென்னை கதை. 1998 வரைக்கும் ரேட்டை முடிவு பண்ணது வாரியமும் மாநில அரசும்தான், நடுவுல மூணாவது ஆள் கிடையாது. ஒடிசாக்காரங்க மட்டும் முந்திக்கிட்டு 1996லயே தனி ஆணையம் நடத்த ஆரம்பிச்சாங்க. 1998ல ஒரு சட்டம் போட்டு ஜூலைல மத்திய ஆணையம் வந்துச்சு, 1999 மார்ச்ல தமிழ்நாட்டு ஆணையம். அப்புறம் 2003 மின்சாரச் சட்டம் எல்லாத்தையும் ஒரே சட்டத்துக்குள்ள கொண்டு வந்துச்சு, இன்னிக்கு வரைக்கும் அதுதான் ஓடுது. மத்திய அரசு கம்பெனி மின் நிலையம், ஒண்ணுக்கு மேற்பட்ட மாநிலத்துக்கு விக்கிற நிலையம், மாநிலத்தைத் தாண்டிப் போற லைன், இதெல்லாம் டெல்லி. மாநிலத்துக்குள்ள நடக்குறதும் உங்க பட்டறை பில்லும் சென்னை.

நம்ம ஊர்லயே மூணு மின் நிலையத்தை எடுத்துக்குங்க. மேட்டூர் அனல் மின் நிலையத்தோட செலவுக் கணக்கைப் பாக்குறது கிண்டில இருக்கிற தமிழ்நாட்டு ஆணையம். நெய்வேலி கரண்டுக்கு ரேட் போடுறது டெல்லி ஆணையம், நிலக்கரி வெட்டுறதே கடலூர் மாவட்டத்துலன்னாலும். கூடங்குளம்? ரெண்டு பேரும் கிடையாது. அணு மின்சாரத்துக்கு ரேட் நிர்ணயிக்கிறது மத்திய அரசோட அணுசக்தித் துறை. அங்க பொது விசாரணையும் இல்ல ஒண்ணும் இல்ல. மூணும் கலந்துதான் உங்க லேத்துல ஓடுது.

ஆகஸ்ட் 20

"கையெழுத்து"ங்கிறதுக்கு வரேன். ஆணையம் கரண்ட் தயாரிக்கிறதும் இல்ல, விக்கிறதும் இல்ல, கம்பத்துல ஏறுறதும் இல்ல. அதோட கையில இருக்கிறது ஒரே ஒரு ஆயுதம், எந்தச் செலவை நம்ம பில்லுல ஏத்தலாம் எதை ஏத்தக் கூடாதுன்னு சொல்றது. மத்ததெல்லாம் அதுலேர்ந்து கிளை விடுறதுதான்.

டெல்லி ஆணையத்தோட விதியைப் பாருங்க, அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை போடுவாங்க, இப்ப ஓடுறது 2024லேர்ந்து 2029 வரைக்கும். ஒரு அனல் மின் நிலையம் கட்ட 100 ரூபா ஆச்சுன்னா, 70 கடன் 30 முதல்னு வச்சுதான் கணக்கு. அந்த 30க்கு வருஷத்துக்கு 15.5 சதவீதம் லாபம் அனுமதி, வரி போக. கடனுக்கு வட்டி, தேய்மானம், பராமரிப்புக்குன்னு ஒரு நிர்ணயிச்ச தொகை. இதெல்லாம் சேர்ந்து நிலைக் கட்டணம். நிலையம் வருஷத்துல 85 சதவீதம் "நான் தயார்"னு நின்னா அந்த நிலைக் கட்டணம் முழுசா கிடைக்கும், நாம கரண்ட் எடுத்தாலும் எடுக்காட்டியும். நிலக்கரிச் செலவு தனி. அதுலயும் ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு கரி எரிக்கலாம்னு அளவு இருக்கு, அதுக்கு மேல எரிச்சா நிலையத்தோட கைக்காசு.

15.5 சதவீதம் அதிகமா கம்மியான்னு வருஷக்கணக்கா சண்டை நடக்குது. பேங்க் வட்டி இறங்கின காலத்துலயும் அது இறங்கல. என்னைக் கேட்டா கட்டி முடிச்சு ஓடிக்கிட்டு இருக்கிற நிலையத்துக்கு இது ஜாஸ்தி, ரிஸ்க் எல்லாம் கட்டுறப்பதான். ஆனா குறைச்சா புதுசா எவனும் கட்ட மாட்டான்னு எதிர்த்தரப்பு சொல்றதும் வெறும் பூச்சாண்டி இல்ல.

ஆகஸ்ட் 20, கொஞ்ச நேரம் கழிச்சு

கீழ ஒருத்தர் "500 யூனிட் தாண்டினா ஆணையம் தண்டம் போடுது, இது என்ன நியாயம்"னு கேட்டிருக்கார். அண்ணே, அது ஆணையம் போட்ட தண்டம் இல்ல. 2022 செப்டம்பர் 10 ரேட்டை வச்சே போட்டுப் பாக்கலாம். 500 யூனிட் ஓட்டினவருக்கு முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட் 2.25, அடுத்த 200 யூனிட் 4.50, கடைசி 100 யூனிட் 6 ரூபா. மொத்தம் 1725. ஒரே ஒரு யூனிட் கூட ஓடி 501 ஆச்சுன்னா முதல் 100 இலவசம், அடுத்த 300ம் 4.50, அடுத்த 100 யூனிட் 6, கடைசி ஒரு யூனிட் 8 ரூபா. மொத்தம் 1958. ஒரு யூனிட்டுக்கு 233 ரூபா!

ஆனா ஆணையம் போட்ட ரேட் என்னன்னா 400 யூனிட் வரைக்கும் எல்லாருக்கும் 4.50தான். அதை முதல் நூறுக்கு ஜீரோ ஆக்கினதும், அடுத்த நூறுக்குப் பாதியாக் குறைச்சதும், அந்தப் பாதியை 500க்கு மேல போனா பிடுங்கிக்கிறதும் அரசோட மானியம். சட்டத்துல 65வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, அரசு யாருக்கு வேணா சலுகை கொடுக்கலாம், ஆனா அந்தக் காசை முன்கூட்டியே வாரியத்துக்குக் கட்டணும். கட்டலைன்னா ஆணையம் போட்ட முழு ரேட்தான் செல்லும். தேர்தல் நேரத்துல இலவச யூனிட் அறிவிப்பு வர்றப்ப இந்தப் பிரிவை மட்டும் யாரும் ஞாபகப்படுத்துறது இல்ல.

ஆகஸ்ட் 22

பொது விசாரணை சும்மா கண் துடைப்புன்னு ரெண்டு மூணு பேர் சொல்லியிருக்காங்க. நான் 2022 ஆகஸ்ட்ல கோயமுத்தூர் விசாரணைக்குப் போயிருந்தேன் (அந்த மாசம் மதுரை, சென்னையிலயும் நடந்துச்சு). எழுதிக் கொடுத்துட்டு பேர் கூப்பிடுறதுக்காகக் காத்திருக்கணும். மேடையில ஆணையத் தலைவரும் உறுப்பினர்களும், ஒரு ஓரமா வாரிய அதிகாரிங்க ஃபைல் கட்டோட. மில் சங்கத்துக்காரங்க பவர் பாயிண்ட் மாதிரி பேசினாங்க. விசைத்தறிக்காரர் ஒருத்தர் எந்தப் பேப்பரும் இல்லாம பில்லை மட்டும் கையில பிடிச்சுக்கிட்டு, கூலி எவ்வளவு, நூல் எவ்வளவு, கரண்ட் எவ்வளவுன்னு வாய்க்கணக்காவே சொல்லி முடிச்சார், அரங்கம் கை தட்டுச்சு. பாதிப் பேர் அரசியல் பேசிட்டு இறங்கினாங்க.

எது எடுபட்டதுன்னு அப்புறம் உத்தரவைப் படிச்சப்பதான் தெரிஞ்சது. கை தட்டு வாங்கினதெல்லாம் "ஆட்சேபங்கள் பரிசீலிக்கப்பட்டன"ங்கிற ஒரு பத்திக்குள்ள போயிடுச்சு. மனுவுல இன்ன பக்கம் இன்ன அட்டவணைல இந்தத் தொகை தப்புன்னு யாரெல்லாம் எழுதிக் கொடுத்தாங்களோ அதுக்கெல்லாம் வாரியம் எழுத்துல பதில் சொல்லியாகணும், ஆணையமும் காரணம் சொல்லியாகணும். ஏன்னா காரணம் சொல்லாம விட்டா அதை வச்சே மேல்முறையீடு போயிடுவாங்க, டெல்லில மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருக்கு, அதுக்கு மேல சுப்ரீம் கோர்ட். கண் துடைப்பு ஓரளவு உண்மைதான், ஆனா துடைக்கிற துணியை நாமளே கொடுத்துட்டுப் புலம்புறோமோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

ஆகஸ்ட் 22, ராத்திரி

அந்த வருஷம் இன்னொரு கூத்தும் நடந்துச்சு, மறந்துட்டேன். ஆணையத்துல சட்டம் படிச்ச உறுப்பினர் ஒருத்தராவது இருக்கணும்னு சுப்ரீம் கோர்ட் 2018லயே சொல்லிடுச்சு. நம்ம ஆணையத்துல அப்ப அந்த நாற்காலி காலி. ஸ்பின்னிங் மில் சங்கம் ஹைகோர்ட் போச்சு, சட்ட உறுப்பினர் வர்ற வரைக்கும் கட்டண உத்தரவு போடாதேன்னு தனி நீதிபதி சொன்னார், டிவிஷன் பெஞ்ச் அதை நீக்குச்சு, உடனே உத்தரவு வந்துச்சு.

ஆகஸ்ட் 25

இப்ப முக்கியமானது. எட்டு வருஷம் ஏத்தவே இல்லையே, அப்ப எப்படி நடத்தினாங்க, 2022ல மட்டும் ஏன் ஒரேயடியாங்கிற கேள்வி.

2014 டிசம்பர்ல ரேட்டை ஏத்தி ஒரு உத்தரவு. அடுத்த ஏத்தம் 2022 செப்டம்பர். நடுவுல நிலக்கரி ஏறுச்சு, சம்பளம் ஏறுச்சு, வட்டி ஏறுச்சு, ரேட் அப்படியே. நமக்கு சந்தோஷம்தான். ஆனா செலவு நடந்தது நடந்ததுதானே. அந்த ஓட்டையைக் கடன் வாங்கி அடைச்சாங்க, கடனுக்கு வட்டி, வட்டிக்கு மறுபடி கடன். ஒவ்வொரு வருஷமும் வாரியம் வரவு செலவு மனு கொடுக்கணும், ஆணையம் 120 நாளுக்குள்ள முடிவு சொல்லணும்னு 64வது பிரிவு. வாரியம் மனுவே கொடுக்கலைன்னா? தீர்ப்பாயம் 2011 நவம்பர்லயே எல்லா மாநில ஆணையத்துக்கும் சொல்லிடுச்சு, மனு வரலைன்னா நீங்களே தானா எடுத்து நடத்துங்கன்னு. 2014ல நம்ம ஆணையம் தானா எடுத்துதான் போட்டுச்சு. அப்புறம் எட்டு வருஷம் என்ன ஆச்சுங்கிறது தனிக் கதை. சட்டத்துல ஆணையத்துக்கு அதிகாரம் இல்லாம இல்ல, நாற்காலில உக்காந்தவங்களுக்குத்தான் தைரியம் இருக்கணும்.

இதுல நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். ஒரு உத்தரவு வந்தா "எத்தனை சதவீதம்"னு பாக்காதீங்க. வாரியம் கேட்டதுல ஆணையம் எதை வெட்டுச்சு, எதைத் தள்ளிப் போட்டுச்சுன்னு ரெண்டாப் பிரிச்சுப் பாருங்க. வெட்டினது போயே போச்சு, அதை நாம எப்பவும் கட்ட வேண்டாம். தள்ளிப் போட்டது மளிகைக் கடை கடன் நோட்டு மாதிரி, பேர் மட்டும் "ஒழுங்குமுறை சொத்து"ன்னு கௌரவமா இருக்கும், வட்டியோட நம்ம தலையிலதான் விடியும். பேப்பர்ல ரெண்டையும் ஒண்ணாப் போட்டு "ஆணையம் இவ்வளவு குறைத்தது"ன்னு எழுதிடுவாங்க.

இந்த மாசம் 6ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் இதைப் பத்தித்தான் தீர்ப்பு கொடுத்துச்சு. டெல்லி நகர விநியோக கம்பெனிங்க போட்ட வழக்கு, ஆனா எல்லா மாநிலத்துக்கும் பொருந்தும். பழைய பாக்கியை 2024 ஏப்ரல் 1லேர்ந்து 7 வருஷத்துக்குள்ள தீர்க்கணும், இனிமே வந்தா 3 வருஷத்துக்குள்ள, அதுவும் கம்பெனியோட வருஷ வருமானத் தேவைல 3 சதவீதத்துக்கு மேல போகக் கூடாது. ஆணையங்கள் இவ்வளவு நாளா தள்ளிப் போட்டதைக் கோர்ட் நல்லாவே கடிஞ்சுக்கிச்சு. படிக்க சந்தோஷமா இருந்துச்சு, அப்புறம்தான் உறைச்சது, தீர்க்கணும்னா யார் கட்டுறது? நாமதான். இல்லைன்னா அரசு, அதுவும் நாமதான்.

ஆகஸ்ட் 25, உடனே

ஆமா, எட்டு வருஷம் ஏத்தாததைக் குறை சொல்றேன்னு என்னை வாரிய ஏஜென்ட்னு சொல்லிட்டாங்க. சம்பளம் எப்ப வரும்னும் சொல்லிடுங்க, காத்திருக்கேன்.

ஆகஸ்ட் 27

வெட்டுறதுன்னா எதை வெட்டுவாங்கன்னு கேட்டார் ஒருத்தர். லைன் லாஸ், அதாவது வழியில வீணாப் போற கரண்ட், நல்ல உதாரணம். இந்த வருஷம் இவ்வளவு சதவீதத்துக்கு மேல லாஸ் காட்டக் கூடாதுன்னு ஆணையம் இலக்கு வைக்கும், அதுக்கு மேல போன கரண்டை வாங்கின செலவு பில்லுல ஏறாது. கேக்க நல்லா இருக்கு. ஆனா தமிழ்நாட்டுல 20 லட்சத்துக்கு மேல விவசாய பம்ப்செட், பெரும்பாலும் மீட்டர் இல்ல. அங்க எவ்வளவு போச்சுன்னு மாதிரி எடுத்து மதிப்பு போடுறாங்க. மீட்டர் இல்லாத இடத்துல நூறு யூனிட் கூடப் போட்டா லாஸ் நூறு யூனிட் குறைஞ்ச மாதிரி தெரியும். சொல்ல வர்றது புரியுதுங்களா.

மீட்டர் இல்லாம சப்ளை கொடுக்கக் கூடாதுன்னு 2003 சட்டமே 55வது பிரிவுல சொல்லி ரெண்டு வருஷம் டைம் கொடுத்துச்சு. ஆணையமும் உத்தரவுக்கு உத்தரவு "மீட்டர் வை"ன்னு எழுதுது. விவசாயிங்க பயமும் தப்பில்ல, இன்னிக்கு மீட்டர், நாளைக்குப் பில்லுன்னு நினைக்கிறாங்க. என் மாமனார் தோட்டத்துல கம்பத்துக்குப் பக்கத்துல யாராவது பேண்ட் சட்டை போட்டவன் நின்னாலே அவர் கைல இருக்கிறதை அப்படியே போட்டுட்டு வந்துடுவார். டிரான்ஸ்ஃபார்மர்ல ஒரு மீட்டர் வச்சா போதும், ஒவ்வொரு பம்ப்லயும் வேண்டாம்ங்கிறது என் கட்சி. அவர்கிட்ட இதைச் சொல்லிப் பார்த்தேன், "டிரான்ஸ்ஃபார்மர்ல வைக்கிறவன் நாளைக்குக் கிணத்து மேட்டுக்கு வர மாட்டானா"ன்னுட்டார்.

ஆகஸ்ட் 28

சொன்னதைக் கேக்கலைன்னா ஆணையம் என்ன பண்ணும்? 142வது பிரிவு, ஒரு மீறலுக்கு அதிகபட்சம் ஒரு லட்சம், தொடர்ந்தா தினம் 6000 ரூபா. ஆயிரம் கோடில நஷ்டக் கணக்கு எழுதுற இடத்துக்கு ஒரு லட்சம்! ஆபீஸ் டீ செலவுக்குக் கூட அதைவிட ஜாஸ்தி ஆகும். அந்த அபராதத்தையும் பில்லுல ஏத்தக் கூடாதுன்னு சொன்னாத்தான் கொஞ்சமாவது உறைக்கும்.

ஆகஸ்ட் 30

"2012 ஜூலைல நாடே இருட்டானப்ப நம்ம ஊர்லயும் போச்சே"ன்னு எழுதினவருக்கு: அது வேற, இது வேற. ஜூலை 30 ராத்திரி 2.33க்கு மத்திய பிரதேசத்துல பினா குவாலியர் 400 கிலோவோல்ட் லைன் விழுந்து வட மாநில கிரிட் (நிலையங்களையும் லைன்களையும் ஒண்ணாக் கோர்த்த வலை) படுத்துச்சு. அடுத்த நாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூணும். தெற்கு கிரிட் அப்ப தனி, அதோட ஒண்ணா ஓடல. 2013 டிசம்பர் 31 அன்னிக்குத்தான் ரெய்ச்சூர் சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியா சேர்ந்தோம். நமக்கு அந்த வருஷம் போனது வாரியம் அட்டவணை போட்டு நிறுத்தினது, பத்து மணி நேரம் பன்னெண்டு மணி நேரம்னு, அதுக்கு கிரிட் விழ வேண்டிய அவசியமே இல்ல.

டெல்லி ஆணையத்தோட நிஜமான வேலை எனக்குப் புரிஞ்சது இந்தக் கிரிட் விஷயத்துலதான். நாடு முழுக்க ஒரே அலைவரிசை, 50 ஹெர்ட்ஸ். எடுக்கிறது ஜாஸ்தியானா அது இறங்கும், தயாரிக்கிறது ஜாஸ்தியானா ஏறும். ஒவ்வொரு மாநிலமும் நாளைக்கு எவ்வளவு எடுப்பேன்னு 15 நிமிஷத்துக்கு ஒரு கட்டமா, ஒரு நாளோட 96 கட்டத்துக்கும் எழுதிக் கொடுக்கணும். சொன்னதை விட ஜாஸ்தி இழுத்தா அபராதம், அலைவரிசை எவ்வளவு இறங்கியிருக்கோ அவ்வளவு காட்டமா. 2000 வாக்குல 48.5க்குக் கீழல்லாம் ஓடின கிரிட் இது. தெற்குல 2003 ஜனவரில இந்த அபராத முறை வந்தப்புறம்தான் ஒழுங்குக்கு வர ஆரம்பிச்சது. 2012ல 49.7லேர்ந்து 50.2க்குள்ள இருக்கணும்னாங்க, 2014ல இன்னும் இறுக்கி 49.90லேர்ந்து 50.05. மில்லுல பழைய எலக்ட்ரீஷியன் ஒருத்தர் இருந்தார், பேனல்ல ஃப்ரீக்வென்ஸி மீட்டர் முள்ளைப் பார்த்தே "இப்ப கட் ஆகும், மெஷினை நிறுத்துடா"ன்னு கத்துவார், சொன்ன மாதிரியே போகும். இப்ப அந்த முள்ளை யாரும் பாக்குறதே இல்ல. போலீஸ் இல்ல, லத்தி இல்ல, வெறும் விலைப்பட்டியலை வச்சே மாநில அரசுங்களை ஒழுங்குக்குக் கொண்டு வந்தாங்கங்கிறது சின்ன விஷயம் இல்லீங்க.

செப்டம்பர் 2

டெல்லிக்காரங்க எப்பவும் நம்ம பக்கம்னு நினைச்சுடாதீங்க, முந்த்ரா கேஸ் பாருங்க. டாடா கம்பெனி குஜராத் முந்த்ராவுல ஒரு பெரிய நிலையத்துக்கு யூனிட் 2.26 ரூபான்னு ஏலத்துல கேட்டு ஜெயிச்சாங்க. நிலக்கரி இந்தோனேசியாலேர்ந்து. அங்க 2010ல சட்டம் மாத்தி ஏற்றுமதி விலையை உலக விலையோட கட்டிட்டாங்க, கட்டுப்படி ஆகல. ஏலத்துல கேட்ட விலைக்கு மேல ஈட்டுத்தொகை கொடுக்கலாம்னு மத்திய ஆணையம் 2013ல சொல்லுச்சு, அதானி நிலையத்துக்கும் அதே மாதிரி. வழக்கு நடந்து 2017 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட் அதைத் தள்ளுபடி பண்ணுச்சு: வெளிநாட்டுச் சட்டம் மாறி விலை ஏறினது உங்க வியாபார ரிஸ்க், ஒப்பந்தத்துல அதுக்கு இடமில்ல. அந்தக் கேஸ்ல மேல்முறையீடு பண்ணதுல ஒருத்தர் சாதாரண நுகர்வோர் அமைப்பு, ஞாபகம் வச்சுக்குங்க.

இன்னொரு பக்கம், 2022 மார்ச் கடைசில கரண்ட் எக்ஸ்சேஞ்சுல (கரண்டை வாங்கி விக்கிற சந்தை) யூனிட் 20 ரூபா வரைக்கும் போச்சு. ஒரே வாரத்துல ஆணையம் உள்ள புகுந்து 12 ரூபாக்கு மேல விக்கக் கூடாதுன்னு கட்டுச்சு, 2023 ஏப்ரல்ல அதை 10 ஆக்கிடுச்சு. வேகமா முடிவெடுக்கத் தெரியாதவங்க இல்ல.

செப்டம்பர் 3

காத்தாலைக்காரர் ஒருத்தர் கோவமா எழுதியிருக்கார், சீசன்ல நிறுத்தச் சொல்றாங்கன்னு. காத்து, சூரிய மின்சாரத்தைக் கிரிட் பாதுகாப்புக்காக மட்டும்தான் நிறுத்தலாம், வேற இடத்துல விலை கம்மியா கிடைக்குதுன்னு நிறுத்தக் கூடாது. 2021 ஆகஸ்ட்ல தீர்ப்பாயம் தமிழ்நாட்டு சூரிய மின் நிலையங்க கேஸ்லயே இதைச் சொல்லி நட்டஈடு கொடுக்கச் சொல்லுச்சு. அதைப் பிடிச்சுக்குங்க.

செப்டம்பர் 7

வாடகை வீட்டுக்காரங்க கேள்வி நிறைய. ஓனர் சப் மீட்டர் வச்சு யூனிட்டுக்கு எட்டு, பத்துன்னு வாங்குறார், ஆணையத்துல புகார் கொடுக்கலாமா?

எனக்கும் இது நடந்திருக்கு. நாங்க குடியிருந்த வீட்டுல ஒரே சர்வீஸ்ல மூணு குடும்பம், ஓனர் ஒரு நோட்டுல பென்சில்ல ரீடிங் எழுதுவார். இலவச நூறு யூனிட் அவருக்கு, உச்ச ஸ்லாப் ரேட் எங்களுக்கு. நான் ஆணைய ரேட் அட்டையை பிரிண்ட் எடுத்துட்டுப் போய்க் காமிச்சேன், அவர் ரொம்ப மரியாதையா "அப்ப அந்த ஆணையத்துக்கிட்டயே வீடு வாடகைக்குக் கேளுங்க தம்பி"ன்னார். என்ன சொல்ல முடியும். ஆணையத்தோட கை நேரா நீளுறது லைசென்ஸ் வச்சிருக்கிறவங்க மேலதான். ஓனர் லைசென்ஸ்தாரர் இல்ல, உங்களுக்கும் வாரியத்துக்கும் நேரடி ஒப்பந்தமும் இல்ல. முடிஞ்சா உங்க போர்ஷனுக்குத் தனி சர்வீஸ் வாங்கிக்குங்க, அந்த நிமிஷத்துலேர்ந்து எல்லா விதியும் உங்க பக்கம். எங்க ஓனர் அதுக்கும் ஒத்துக்கல, நாங்க வீட்டை மாத்திட்டோம்.

தனி சர்வீஸ்னதும் ஞாபகம் வந்துச்சு. நுகர்வோர் உரிமை விதிகள் 2020ல வந்துச்சு, 2024ல திருத்தினாங்க: புது இணைப்பு பெருநகரத்துல 3 நாள், மத்த நகராட்சிப் பகுதில 7, கிராமத்துல 15. நம்ம மாநில ஆணையத்தோட 2004 செயல்திறன் விதில தாமதமானா நாளைக்கு 100 ரூபா, அதிகபட்சம் 1000. யாராவது வாங்கியிருக்கீங்களா இந்த ஆயிரத்தை? வாங்கினவர் இருந்தா கை தூக்குங்க, நேர்ல வந்து பாக்கணும் உங்களை.

செப்டம்பர் 8

யாரும் கை தூக்கல.

செப்டம்பர் 10

பில்லுல தகராறுன்னா போற வழி: முதல்ல பிரிவு அலுவலகம், தீரலைன்னா மின் பகிர்மான வட்டத்துல நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அங்கயும் தீரலைன்னா மின் குறைதீர்ப்பாளர். நேரா ஆணையத்துக்குப் போனா தனிப்பட்ட பில் புகாரை எடுக்க மாட்டாங்க, மன்றத்துக்குப் போன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. மன்றத்துல தலைமையில உக்காந்தது ரொம்ப காலமா அந்த வட்டத்தோட மேற்பார்வைப் பொறியாளரேதான், அதாவது யார் மேல புகாரோ அவங்க ஆளு. அதனால நிறைய பேர் அங்கயே நொந்து திரும்பிடுறாங்க. திரும்பாதீங்க. குறைதீர்ப்பாளரை நியமிக்கிறது ஆணையம், அவர் உத்தரவெல்லாம் நெட்லயே கிடக்கு, படிச்சுப் பாருங்க, நுகர்வோர் ஜெயிச்சதும் நிறைய இருக்கு.

கரண்ட் திருட்டு கேஸ் போட்டிருந்தா (135வது பிரிவு) இந்த வழி கிடையாது, அது கோர்ட்.

செப்டம்பர் 14

அரசு தலையீடு பத்தி. 108வது பிரிவுப்படி பொதுநலன் சம்பந்தமான கொள்கை விஷயத்துல மாநில அரசு ஆணையத்துக்கு வழிகாட்டலாம். எது கொள்கைன்னு சந்தேகம் வந்தா அதையும் அரசே முடிவு பண்ணும்! இதை எழுதினவர் சிரிச்சுக்கிட்டேதான் எழுதியிருக்கணும். ஆனா சில நேரம் நல்லதுக்கும் நடக்குது. 2022 உத்தரவுல சிறு தொழிலுக்கு, அதாவது 3 பி காரங்களுக்கு, பீக் ஹவர்ல 25 சதவீதம் கூடுதல் போட்டாங்க. சங்கங்க எல்லாம் கத்தினப்புறம் அரசு சொல்லி அது 15 ஆச்சு. விசாரணைல இதே விஷயத்தை எவ்வளவோ பேர் சொன்னாங்க, அப்ப இறங்காத ரேட் அரசு சொன்னதும் இறங்குது. ரப்பர் ஸ்டாம்புங்கிறவங்க இதைச் சொன்னா எங்கிட்ட பதில் இல்ல.

செப்டம்பர் 15

லேத் பட்டறை தம்பிக்கு, நீங்க கேட்டதுக்கு இப்பத்தான் வரேன், மன்னிச்சுக்குங்க, நடுவுல எங்கெங்கயோ போயிட்டேன். உங்களுக்கு வலிக்கிறது 3.16 இல்ல. உங்க பில்லுல நிலைக் கட்டணம்னு ஒரு வரி இருக்கும், அதைப் பாருங்க. 2022க்கு முன்னாடி 3 பில எல்லாருக்கும் கிலோவாட்டுக்கு மாசம் 35. அந்த உத்தரவுல 50 கிலோவாட் வரைக்கும் 75, அதைத் தாண்டினா 150, 112ஐயும் தாண்டினா 550. 112 கிலோவாட் சாங்ஷன் (வாரியம் அனுமதிச்ச லோடு) வாங்கி வச்சிருக்கிறவருக்கு மெஷின் ஓடுனாலும் ஓடாட்டியும் 3,920 இருந்தது ஒரே நாள்ல 16,800. 2023ல சிறு தொழில்காரங்க கடையடைப்பு பண்ணதுக்கு இதுவும் முக்கியக் காரணம். வருஷா வருஷம் ஜூலைல ஏறுறது இதுக்கு மேலதான் ஏறுது, விலைவாசிக் குறியீட்டோட கட்டிட்டாங்க, 6 சதவீதம் உச்சவரம்பு. 2023ல 2.18, 2024ல 4.83, இப்ப 3.16. இந்த ஏற்பாடு 2026-27 வரைக்கும். அதுக்கடுத்த காலத்துக்குப் புது மனு வரும், ஆட்சேபம் எழுதுறதுன்னா அப்பத்தான்.

செப்டம்பர் 15, ராத்திரி

தம்பி, நீங்க அனுப்பின பில் போட்டோ பார்த்தேன். சாங்ஷன் 56 கிலோவாட், ஓடுறது 38ஐத் தாண்டல. ஆறு கிலோவாட்டுக்காக மொத்த 56க்கும் ரெண்டு மடங்கு ரேட் கட்டிக்கிட்டு இருக்கீங்க. லோடு குறைக்கச் சொல்லி நாளைக்கே எழுதிக் கொடுங்க, 50க்குக் கீழ வர்ற மாதிரி. கொடுத்ததுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்காம வந்துடாதீங்க. பட்டறைல பழைய வெல்டிங் மெஷின் ஏதாவது இன்னும் வச்சிருக்கீங்களா, வித்துட்டீங்களா? வித்தாச்சுன்னா அதையும் அந்த லெட்டர்ல எழுதுங்க.